நெடுந்தீவு: காணத்தக்க இடங்களும் இயற்கை வியப்புகளும்

நெடுந்தீவு என்பது இலங்கையின் வட மாகாணத்தில், யாழ்ப்பாண மாவட்டத்துக்கு உட்பட்டு, பாக்கு நீரிணைக் கடலில் அமைந்துள்ள ஒரு தீவு ஆகும். ஒல்லாந்தர் வைத்த பெயரால் ஆங்கிலத்தில் இது டெல்ப்ட் என்று அழைக்கப்படுகிறது. யாழ்ப்பாணத்தைச் சூழ்ந்துள்ள தீவுகளுள் மக்கள் வாழ்பவற்றில் குடாநாட்டிலிருந்து மிகத் தொலைவில் இருப்பது இதுவே. காட்டில் திரியும் மட்டக்குதிரைகள், பவளக்கல்லால் அடுக்கப்பட்ட வேலிகள், உள்ளே ஆள் நிற்கக்கூடிய பெருக்கமரம், இடிந்த கோட்டைகள், பழைய பௌத்தத் தூபிகளின் எச்சங்கள் ஆகியவற்றுக்காகப் பயணிகள் இங்கு வருகின்றனர்.

தமிழ்நாட்டில் இத்தீவின் பெயர் பெரும்பாலும் "நெடுந்தீவு அருகே மீனவர்கள் கைது" என்னும் செய்தியின் வழியாகவே தெரியும். அந்தச் செய்திக்கு அப்பால், சுமார் நான்காயிரம் தமிழர்கள் வாழும் ஊர் இது. இங்குள்ள காட்சிகள் ஒன்றோடொன்று தொடர்பற்றவை போலத் தோன்றினாலும், அவற்றில் பெரும்பாலானவற்றை இரண்டு பொருள்களைக் கொண்டு புரிந்துகொள்ளலாம். ஒன்று தீவு முழுவதையும் ஆக்கியிருக்கும் சுண்ணாம்புக்கல், மற்றொன்று அந்தக் கல்லுக்குள் தேங்கும் சிறிதளவு நன்னீர். எந்த இடத்தில் ஊர் இருக்கிறது, எங்கே குதிரை மேய்கிறது, கோட்டை எதனால் கட்டப்பட்டது, தீவில் எத்தனை பேர் வாழ முடியும் என்னும் கேள்விகளுக்கெல்லாம் விடை இவற்றில்தான் இருக்கிறது.

அமைவிடமும் நில அமைப்பும்

தீவின் பரப்பளவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர். நீள்வட்ட வடிவான இதன் நீளம் சுமார் 8 கிலோமீட்டர், அதிகபட்ச அகலம் சுமார் 6 கிலோமீட்டர். இராமேசுவரத்திலிருந்து நேர்க்கோட்டில் 50 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவிலேயே உள்ளது. கச்சதீவு இதற்குத் தென்மேற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் இருக்கிறது. இலங்கையின் நிர்வாகத்தில் கச்சதீவு நெடுந்தீவுப் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்தது.

தீவில் மலையோ ஆறோ கிடையாது. கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரமே கொண்ட தட்டை நிலம். மக்கள் பெரும்பாலும் வடக்குப் பகுதியில் வாழ்கின்றனர். அங்குப் பனை, தென்னை, வேலி அடைத்த வளவுகள், கோயில்கள், தேவாலயங்கள் ஆகியவை காணப்படுகின்றன. தெற்கும் மேற்கும் புல்வெளியும் முட்புதரும் நிறைந்த திறந்த வெளிகள்.

குடாநாட்டுக்கு அடித்தளமாக இருக்கும் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லே இத்தீவுக்கும் அடித்தளம். ஐம்பது இலட்சம் ஆண்டுகளுக்கும் முன்பு, ஆழமற்ற கடலின் அடியில், சிப்பிகளும் பவளங்களும் பிற சுண்ணாம்பு உயிரிகளும் படிந்து உருவான பாறை இது. கரையோரங்களில் அதைவிடப் பிற்காலத்துப் பவளப்பாறைத் துண்டுகள் குவிந்து கிடக்கின்றன. மணலைவிடப் பவளக்கல்லே மிகுந்த கடற்கரைகளை இங்குக் காணலாம். மண் மெல்லிய படலமாகவே இருப்பதால், பல இடங்களில் கால் வைப்பது நேரடியாகப் பாறையின் மேல்தான்.

பெயர் வரலாறு

நீண்ட தீவு என்னும் பொருளில் நெடுந்தீவு என்ற தமிழ்ப் பெயர் வழங்குகிறது. மாடுகள் மிகுதியாக இருந்ததால் பசுத்தீவு என்ற பெயரும் உண்டு. போர்த்துக்கேயரும் இதே பொருளில் இதனைப் பசுக்களின் தீவு என்றே தம் மொழியில் குறித்தனர். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரிடமிருந்து 1658இல் ஒல்லாந்தர் இப்பகுதியைப் பிடித்தனர். அவர்கள் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைத் தீவுகளுக்கு இட்டனர். காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆனது. வேலணை லெய்டன், புங்குடுதீவு மிடில்பர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரோட்டர்டாம், நெடுந்தீவு டெல்ப்ட் எனப் பெயர் பெற்றன. மற்றப் பெயர்கள் பழைய நிலப்படங்களோடு நின்றுவிட்டன. டெல்ப்ட் மட்டும் இன்றும் அரசு ஆவணங்களிலும் பயணச்சீட்டுகளிலும் வழங்குகிறது.

கல்லுக்குள் மிதக்கும் நீர்

தீவின் இயற்கை வியப்புகளில் முதன்மையானதைக் கண்ணால் காண முடியாது. நாற்புறமும் உப்புக்கடல் சூழ்ந்த தட்டைப் பாறையில், சில இடங்களில் கிணறு தோண்டினால் குடிக்கத்தக்க நீர் கிடைக்கிறது. இதன் காரணம் எளிமையானது. மழைநீர் சுண்ணாம்புக்கல்லின் துளைகள் வழியே இறங்கி, கீழே ஊறியிருக்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் 2.5 விழுக்காடு அடர்த்தி மிக்கது. அதனால் இரண்டும் உடனே கலந்துவிடாமல், நன்னீர் நடுவில் தடித்தும் கரைப்பக்கம் மெலிந்தும் ஒரு குவிவில்லையின் வடிவில் நிற்கிறது.

இந்த அமைப்பை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்துப் பொறியாளர் பாடோன் கைபெனும், 1901இல் செருமானியரான ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்டு கணக்கிட்டனர். ஐரோப்பாவின் வட கடலில் உள்ள விடுமுறைத் தீவுகளுக்குக் குடிநீர் தேடியபோதே ஹெர்ஸ்பெர்க் இதைக் கண்டார். அவர்களின் கணக்குப்படி, நிலத்தடி நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நின்றால், அதற்குக் கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். இதே கணக்கு மறுபுறமும் வேலை செய்கிறது. அளவுக்கு மீறி இறைத்து நீர்மட்டம் ஒரு சாண் தாழ்ந்தால், கீழிருந்து உப்புநீர் அதைப்போல் 40 மடங்கு மேலே ஏற முற்படும். பிளவுகளும் பொந்துகளும் நிறைந்த சுண்ணாம்புக்கல்லில் உப்பு இன்னும் எளிதாகக் கலந்துவிடுவதால், நடைமுறையில் இந்த நன்னீர்ப் படலம் கணக்கில் வருவதைவிட மெல்லியதாகவே இருக்கும்.

இதனால்தான் தீவுக் கிணறுகள் ஆழமற்றவையாகவும் அகலமானவையாகவும் அமைக்கப்பட்டன. துலாவில் ஏற்றி இறக்கி மெதுவாக நீர் மொள்ளும் பழைய முறை, தெரிந்தோ தெரியாமலோ இந்த நீர்ப் படலத்தைக் காத்தது. மின்னிறைப்பி கொண்டு ஒரே இடத்தில் வேகமாக இறைத்தால் கிணறு உவர்ந்துவிடுகிறது. ஒருமுறை உவர்ந்த கிணறு மீண்டும் இனிக்கப் பல மழைக்காலங்கள் ஆகலாம். தீவின் பல பகுதிகளில் கிணற்று நீர் உவர்நீரே. சாராப்பிட்டிப் பகுதிக் கிணறுகள் நன்னீருக்குப் பெயர் பெற்றவை. நெடுங்காலமாகத் தீவின் குடிநீருக்கு அவை துணையாக இருந்து வருகின்றன. இவற்றைப் பார்க்கச் செல்லும் பயணி, தான் பார்ப்பது ஒரு காட்சிப்பொருளை அல்ல, ஊரின் குடிநீரை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

காணத்தக்க இடங்கள்

மட்டக்குதிரைகள்

நெடுந்தீவின் மட்டக்குதிரைகளே பயணிகளை மிகவும் ஈர்ப்பவை. போர்த்துக்கேயர் காலத்தில் கொண்டுவரப்பட்டு, ஒல்லாந்தர் காலத்தில் பெருக்கி வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழித்தோன்றல்கள் இவை என்பது பொதுவான கருத்து. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீவை நிர்வகித்த நோலன் என்னும் பிரித்தானிய அதிகாரியின் காலத்திலும் குதிரை வளர்ப்பு நடந்தது. பவளக்கல் தூண்களோடு நிற்கும் பழைய குதிரை லாயத்தின் இடிபாடுகள் அந்தக் காலத்தின் அடையாளமாகக் காட்டப்படுகின்றன.

வளர்ப்பு கைவிடப்பட்டபின் குதிரைகள் காட்டுநிலைக்குத் திரும்பின. இப்போது சில நூறு குதிரைகள் தெற்கு, மேற்கு வெளிகளில் சிறு கூட்டங்களாகத் திரிகின்றன. இவை பிறப்பால் காட்டுவிலங்குகள் அல்ல. மனிதனிடமிருந்து விலகி, தலைமுறை தலைமுறையாகத் தாமே பிழைத்துவருபவை. ஒரு கூட்டத்தில் பொதுவாக ஓர் ஆண் குதிரையும் சில பெண் குதிரைகளும் குட்டிகளும் இருக்கும். மாரிக்காலத்தில் பள்ளங்களில் நீர் தேங்கிப் புல் வளரும்போது அவை நன்றாக இருக்கும். கோடை முற்றியதும் புல் கருகிக் குளங்கள் வறண்டுவிடுகின்றன. கடும் வறட்சி ஆண்டுகளில் குதிரைகள் இறந்துபோவதும், ஊர்மக்களும் நிர்வாகமும் தொட்டிகளில் நீர் நிரப்பி வைப்பதும் செய்திகளில் இடம்பெறும்.

2015இல் தீவின் ஒரு பகுதி தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் இங்குள்ள சிக்கல் பூங்கா எல்லையால் மட்டும் தீர்வதில்லை. குதிரை குடிக்கும் நீரும், மாடு குடிக்கும் நீரும், வீட்டுக் குடத்து நீரும் ஒரே மழையிலிருந்து வருபவை. கோடையில் குதிரைக்கு எவ்வளவு, மாட்டுக்கு எவ்வளவு என்பதை ஊர்மக்களே பங்கிட வேண்டியிருக்கிறது.

குதிரைகளைப் பார்க்கக் காலையும் மாலையும் ஏற்ற நேரங்கள். அவற்றை வண்டியில் துரத்துவதும், படமெடுப்பதற்காகச் சுற்றி வளைப்பதும், உணவு கொடுப்பதும் தவிர்க்கத்தக்கவை. நீர் குறைந்த காலத்தில் ஓடவைக்கப்படும் குதிரை, தான் குடித்த நீரை வீணாக வியர்வையில் இழக்கிறது.

பெருக்கமரம்

ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பெருக்கமரம் நெடுந்தீவில் உள்ளது. தமிழ்நாட்டில் இதே மரத்தைப் பொந்தன்புளி, ஆனைப்புளி, பப்பரப்புளி என்ற பெயர்களில் அறிவர். கடல் வாணிகத்தின் வழியாக, அரபு வணிகர்களால் இது கொண்டுவரப்பட்டிருக்கலாம் என்று கருதப்படுகிறது. இலங்கையில் இம்மரம் மிக அரிது. மன்னார்ப் பகுதியில், குறிப்பாகப் பள்ளிமுனையில் உள்ள பெருமரம் புகழ்பெற்றது. நெடுந்தீவு மரத்தின் அடிப்பகுதி பொந்தாகி, உள்ளே ஆட்கள் நுழைந்து நிற்குமளவு இடம் உண்டு.

வறண்ட நாட்டு மரமாகிய இது, வாழ்வதற்கு நெடுந்தீவைப் போன்ற இடத்துக்கே பொருந்தியது. அடிமரத்தின் மென்மையான திசுக்கள் பெருமளவு நீரைத் தேக்கி வைக்கின்றன. கோடையில் இலைகளை உதிர்த்து நீரிழப்பைக் குறைத்துக்கொள்கிறது. வெண்ணிறப் பெரும்பூக்கள் மாலையில் விரியும். வௌவால்களும் இரவுப் பூச்சிகளும் மகரந்தத்தைச் சேர்க்கும். அடிமரம் பொந்தானாலும், உயிர்த்திசு வெளிப்பட்டைக்குச் சற்று உள்ளே இருப்பதால் மரம் தொடர்ந்து வாழ்கிறது. அதே காரணத்தால், பட்டையில் பெயர் செதுக்குவது மரத்தின் உயிருள்ள பகுதியையே காயப்படுத்தும்.

கல்வேலிகள்

நெடுந்தீவுக்கே உரிய தோற்றத்தைத் தருபவை அதன் வேலிகள். குடாநாட்டில் கிடுகு வேலியும் பனையோலை வேலியும் வழக்கம். இங்கோ பவளக்கற்களைச் சாந்து இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வேலி அமைத்துள்ளனர். நிலத்தைப் பயிருக்காகத் துப்புரவாக்கும்போது கிளம்பும் கற்களே வேலிக்குப் பயன்பட்டன. ஒரே வேலையில் நிலமும் துப்புரவாகும், வளவுக்கும் எல்லை கிடைக்கும். மாடும் குதிரையும் பயிரில் இறங்காமல் தடுப்பதோடு, கற்களுக்கிடையே உள்ள இடைவெளி வழியே காற்றை நுழையவிட்டு அதன் வேகத்தையும் இவை குறைக்கின்றன. முழுச்சுவராக இருந்தால் சோளகக் காற்று மோதி விழுத்திவிடக்கூடும். இடைவெளி உள்ள வேலி நிற்கும், சரிந்தாலும் கூலியும் சீமெந்தும் இல்லாமல் மீண்டும் அடுக்கிவிடலாம்.

ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, குயிண்டா கோபுரம்

தீவின் வடபகுதியில், மருத்துவமனைக்குப் பின்னால், கடலை ஒட்டி, ஒல்லாந்தர் கோட்டை என்று வழங்கும் இடிபாடு உள்ளது. போர்த்துக்கேயர் காலத்தில் தொடங்கப்பட்டிருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. பவளக்கல்லும் சுண்ணச்சாந்தும் கொண்டு எழுப்பிய தடித்த சுவர்கள் இன்றும் நிற்கின்றன. கட்டுக்கல், சாந்துக்கான சுண்ணாம்பு ஆகிய இரண்டுமே தீவிலேயே கிடைத்தவை. பவளக்கல் இலேசானது, வெட்ட எளியது. ஆனால் உப்புக்காற்றிலும் மழையிலும் மெல்ல அரிபடுவது. கூரையை இழந்த சுவர்களில் மழைநீர் இறங்குவதும், செடிகள் வேரூன்றுவதும் இடிபாட்டை விரைவுபடுத்துகின்றன. சுவர்மேல் ஏறி நின்று படமெடுப்பது ஆளுக்கும் சுவருக்கும் ஆபத்தானது.

குடியேற்ற ஆட்சிக் காலத்துப் புறாக்கூடும் தீவில் உள்ளது. உயரமான தூணின்மேல் சிறுசிறு மாடங்களோடு அமைந்த கட்டடம் அது. கம்பித் தந்தியும் தொலைபேசியும் இல்லாத காலத்தில், கடலைக் கடந்து செய்தி அனுப்பப் பழக்கப்பட்ட புறாக்கள் இதில் வளர்க்கப்பட்டன என்பர்.

தெற்குப் பகுதியில் குயிண்டா கோபுரம் என்று வழங்கும் வெண்ணிறக் கோபுரம் நிற்கிறது. இது கலங்கரை விளக்கம் அல்ல. கடலில் செல்லும் கலங்கள் பகலில் திசையை அறிந்துகொள்வதற்கான குறிக்கோபுரம். உயரமான நிலமே இல்லாத தீவை மாலுமிகள் தொலைவிலிருந்து அடையாளம் காண இத்தகைய கட்டடம் தேவைப்பட்டது.

வெடியரசன் கோட்டையும் தூபி எச்சங்களும்

தீவின் மேற்குப் பகுதியில் வெடியரசன் கோட்டை என்று மக்கள் அழைக்கும் இடம் உள்ளது. வெடியரசன் இத்தீவை ஆண்ட மன்னன் என்பது மரபுக்கதை. கிழக்கிலங்கைக் கண்ணகி கோயில்களில் படிக்கப்படும் "கண்ணகி வழக்குரை" நூலில் இவன் இடம்பெறுகிறான். கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடிக் கடலில் புறப்படும் மீகாமனை வெடியரசன் எதிர்க்கும் போர் அதில் விரித்துரைக்கப்படுகிறது. இவ்வாறு காவிரிப்பூம்பட்டினத்துக் கதை ஒன்று பாக்கு நீரிணையின் தீவுகளை இணைத்துக்கொண்டு வளர்ந்திருக்கிறது.

அதே பகுதியில் பவளக்கல்லால் கட்டப்பட்ட பழைய பௌத்தத் தூபிகளின் வட்ட அடித்தளங்கள் காணப்படுகின்றன. மக்கள் கோட்டை என்று சொல்வதும் தொல்லியலாளர் தூபி என்று சொல்வதும் அருகருகே இருப்பதால், இவ்விடம் இன்றைய அரசியல் விவாதங்களிலும் இழுபடுகிறது. பழங்காலத்தில் பௌத்தம் தமிழரிடையேயும் வழங்கியது என்பதற்கு மணிமேகலைக் காப்பியமே சான்று. அதில் வரும் மணிபல்லவம் அருகிலுள்ள நயினாதீவே என்று கருதுவோர் பலர். எனவே தூபி இருந்ததாலேயே அந்த இடம் ஒரு மொழியினருக்கு உரியது, மற்றவருக்கு உரியதல்ல என்று முடிவுகட்ட இயலாது.

பாதச்சுவடும் வளரும் கல்லும்

பாறையில் மனிதப் பாதம் போன்ற பெரிய குழிவு ஒன்று பயணிகளுக்குக் காட்டப்படுகிறது. அனுமன் கடலைத் தாண்டியபோது பதித்த அடி என்று சிலரும், ஆதாமின் பாதம் என்று சிலரும் கூறுவர். மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இலேசான அமிலத்தன்மை பெறுகிறது. அது சுண்ணாம்புக்கல்லைக் கரைத்து, குழிகளையும் வரிகளையும் உண்டாக்கும். பாதம் போன்ற வடிவங்களும் இவ்வாறு உருவாகக்கூடும்.

மற்றொன்று, மாலை சாத்தி வழிபடப்படும் வளரும் கல். ஆள் இடுப்பு உயரத்துக்கு மேல் நிற்கும் இந்தப் பவளக்கல் ஆண்டுதோறும் வளர்வதாக மக்கள் நம்புகின்றனர். பவளப்பாறை வளர்வது அதிலுள்ள நுண்ணிய உயிரிகளால். அவை கடல்நீருக்குள் மட்டுமே வாழும். நிலத்தில் நிற்கும் கல்லில் அவை இருக்க இயலாது. சுற்றியுள்ள மண் அரித்துச் செல்லும்போது கல் உயர்ந்ததுபோலத் தோன்றுவது இயல்பு. இருப்பினும் கல் ஒருகாலத்தில் வளர்ந்தது என்பது பொய்யன்று. தீவின் கல் முழுவதும் கடலுக்குள் வளர்ந்து, படிந்து உருவானதுதான். வழிபாட்டு இடமாக இருப்பதால், அங்குச் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பது மரியாதை.

கடல்

பாக்கு விரிகுடா பெரும்பாலும் பதினைந்து மீட்டருக்கும் குறைந்த ஆழமுடையது. கடற்புல் வெளிகளும் பவளத்திட்டுகளும் மீன்வளத்துக்கு ஆதாரமாக உள்ளன. கடற்புல்லை மேயும் ஆவுளியா என்னும் கடற்பசு இக்கடலின் அரிய விலங்கு. இதற்காக 2022இல் தமிழ்நாடு அரசு தன் பக்கத்துப் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. அடிமடியை இழுத்துச் செல்லும் இழுவைமடிப் படகுகளால் கடற்புல்லும் குஞ்சுமீன்களும் அழிகின்றன என்பது நெடுந்தீவு மீனவரின் நீண்டகாலக் குறை. எல்லை தாண்டியதாகக் கைதாகும் தமிழ்நாட்டு மீனவர் குடும்பங்களின் துன்பமும் அதே கடலைச் சார்ந்ததே. கரையில் நின்று பார்க்கும் பயணிக்கு அமைதியாகத் தோன்றும் நீர், இரு கரை மக்களின் பிழைப்பு மோதும் இடமாகும்.

குமுதினிப் படகும் நினைவுத்தூணும்

தீவின் இறங்குதுறை மாவிலித்துறை எனப்படும். 1985 மே 15 அன்று இங்கிருந்து புறப்பட்ட குமுதினி என்னும் பயணிகள் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளும் உட்படப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். குறைந்தது 23 பேர் இறந்ததாக மனித உரிமை அமைப்பின் பதிவு கூறுகிறது. ஊரார் கூறும் எண்ணிக்கை அதைவிட அதிகம். கொன்றவர்கள் இலங்கைக் கடற்படையினர் என்று உயிர் பிழைத்தோர் சாட்சி கூறினர். துறையருகே நினைவுத்தூண் உள்ளது. ஆண்டுதோறும் அந்நாளில் ஊர்மக்கள் கூடி அஞ்சலி செலுத்துகின்றனர். அந்தப் படகு பின்னர் நெடுங்காலம் அதே பெயரில் அதே வழியில் ஓடியது. தீவுக்கு வேறு வழி இல்லாததால், உறவினரை இழந்தவர்களும் அதிலேயே ஏறிப் போய்வந்தனர். போர்க்காலத்தில் மக்களில் பெரும் பகுதியினர் குடாநாட்டுக்கும் வெளிநாடுகளுக்கும் இடம்பெயர்ந்தனர். இன்று காணும் ஆளில்லாத வளவுகள் பல அவர்களுடையவை.

தனிநாயகம் அடிகள்

உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1964இல் தோன்றக் காரணமானவரும், 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை நடத்தியவருமான சேவியர் தனிநாயகம் அடிகளின் தந்தையார் நெடுந்தீவைச் சேர்ந்தவர். அடிகள் பிறந்தது ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனில். இத்தீவினர் அவரைத் தம் ஊரின் பெருமையாகப் போற்றுகின்றனர்.

செல்லும் வழி

சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்துக்கு நேரடி விமானப் போக்குவரத்து 2019இல் தொடங்கியது. பெருந்தொற்றால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் போக்குவரத்து 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியது. இது வானிலையைப் பொறுத்து நிறுத்தப்படுவதுண்டு.

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறையை அடைய வேண்டும். 776ஆம் இலக்கப் பேருந்து இவ்வழியில் செல்கிறது. இருபுறமும் கடல் விரிந்த தாம்போதிகளில், வாடைக்காலத்தில் வலசைப் பறவைகளைக் காணலாம். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். படகுகள் நாளுக்குச் சில முறை மட்டுமே செல்வதால், திரும்பும் கடைசிப் படகின் நேரத்தைக் காலையிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று பார்த்து அணிந்துகொள்வது நல்லது. அதே துறையிலிருந்து நயினாதீவுக்கும் படகு உண்டு. அங்கு நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் உள்ளன.

தீவுக்குள் முச்சக்கர வண்டி, சிறு சுமையுந்து, மிதிவண்டி ஆகியவை வாடகைக்குக் கிடைக்கின்றன. இடங்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் இருப்பதாலும், பாதைகள் பல கல்பாவாதவை என்பதாலும், உள்ளூர் ஓட்டுநரை அமர்த்திக்கொள்வது பயனுள்ளது. பார்வையாளர் செலவழிக்கும் பணம் தீவில் தங்குவதற்கும் அதுவே நேரான வழி. ஒடியற்கூழ், பனாட்டு, புழுக்கொடியல், தயிர், கடலுணவு ஆகியவை கேட்டு உண்ணத்தக்கவை.

ஏற்ற காலம்

மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலம் ஏற்றது. புல் பசுமையாகவும், குளங்களில் நீர் இருப்பதாகவும், குதிரைகள் நல்ல உடலோடும் காணப்படும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றால் கடல் கொந்தளிப்பாக இருக்கலாம். அதுவே தீவில் நீர் மிகவும் குறைந்த காலமுமாகும்.

பயணிகள் கவனிக்க வேண்டியவை

குடிநீரைக் குறிகட்டுவானுக்கு வரும் முன்பே நிரப்பிக்கொள்ள வேண்டும். வெறும் போத்தல்களையும் நெகிழிப் பைகளையும் திரும்ப எடுத்துவர வேண்டும்; பிளவுபட்ட சுண்ணாம்புக்கல்லில் புதைக்கப்படும் குப்பையின் கசிவு நேராக நிலத்தடி நீரில் கலந்துவிடும். கடலில் குளித்தபின் கிணற்று நீரில் குளிக்க நேர்ந்தால், ஒரு வாளியோடு நிறுத்திக்கொள்வது முறை. கரையில் கிடக்கும் பவளத்துண்டுகளை நினைவுப்பொருளாக எடுத்துச் செல்லக்கூடாது. பவளம் அகழ்வதை இலங்கைச் சட்டம் தடைசெய்கிறது. வேலிக்கற்களைப் பிரிக்கக் கூடாது.

இன்றைய நிலை

கடல்நீரைச் சுத்திகரித்துக் குடிநீராக்கும் வசதி தீவில் ஏற்படுத்தப்பட்டுள்ளது. ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டும். தீவு இலங்கையின் மின்கட்டமைப்போடு இணைக்கப்படாதது. டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியது. 2024 மார்ச்சில், நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின்னுற்பத்தி அமைப்பதற்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. 1.1 கோடி அமெரிக்க டாலர் இந்திய நன்கொடையில் நிறைவேறும் திட்டம் இது.

கடல் மட்டம் உயரும்போது, இத்தகைய தட்டைத் தீவுகளில் கரை அரிப்பதற்கு முன்பே நன்னீர்ப் படலம் மெலியத் தொடங்குகிறது. எனவே சுற்றுலாவை வளர்க்கும் எந்தத் திட்டமும் முதலில் நீர்க்கணக்கைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பகலில் வந்து மாலையில் திரும்பும் பயணிகளால் தீவின் நீருக்குப் பெரிய சுமை இல்லை. நிலத்தடி நீரை இறைத்து நடத்தும் விடுதிகள் பெருகினால், கிணறுகள் உவர்ந்து, குதிரைகளும் குடியிருப்போரும் ஒருசேரப் பாதிக்கப்படுவர். மழைநீரைக் கூரையிலிருந்து தொட்டியில் சேர்ப்பது, பழைய குளங்களைத் தூர்வாருவது, சாராப்பிட்டி போன்ற நன்னீர்ப் பகுதிகளில் கட்டடம் எழுப்பாமல் காப்பது ஆகியவை இங்குச் செய்யத்தக்க பணிகள்.